செல்லாயி வெட்டிய கோடு

லகாட்
7 மார்ச் 1927

கோப்பெங் தோட்டத்துப் பெரிய கங்காணி கார்த்திகேசு அவர்களுக்கு, அவர் மனைவி நவமணி எழுதுவது.

உங்கள் சுகத்தை விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நானும் என் தங்கச்சி செல்லாயியும் அண்ணன் பத்துமலை வீட்டில் இருக்கிறோம் என்பதைத் தெரிவிக்கவும், ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கவும்தான் எழுதுகிறேன். ஈயச் சுரங்கத்தில் கூலி வேலை செய்கிறவருக்கு இரண்டு வயிறு கூடுதல் என்பது பாரம்தான். அண்ணன் முகம் சுளிக்கவில்லை. அண்ணி சுளிக்கிறாள், அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

செல்லாயியின் வலது கையில் நீங்கள் பூசிய தார் இப்போது உரிந்துவிட்டது. உரியும்போது தோலும் கூடவே வந்தது. காயம்பட்ட ரப்பர் மரத்துக்குப் பூசுகிற தாரை மனுஷி கையில் பூசலாமா என்று அன்றைக்கே உங்கள் கையைப் பிடித்துக் கேட்டேன். "மரத்தக் காயம் பண்ண கைக்கு இதுதான் மருந்து" என்று காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்கு நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னீர்கள். சிலர் சிரித்தார்கள். கங்காணி சொன்னால் சிரித்துத்தானே ஆகவேண்டும்.

அவள் புருஷன் காய்ச்சலில் போன நாளிலிருந்து உங்களுக்குக் கீழேதான் பால் வெட்டினாள். புதிதாக வந்த ஆட்களுக்கு அவள் வெட்டிய மரத்தைக் காட்டி, கோடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். அந்தக் கை திடீரென்று எப்படிக் கோணலாகும்? நேராகத்தான் வெட்டினேன் என்று அவள் சொல்கிறாள். அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நீங்கள் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். அவள் வெட்டில் கோணல் இல்லை என்று துரையிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அவளுடைய நிரையை, அந்த வரிசை மரங்களை, அவளுக்கே திருப்பித் தரவேண்டும். "கோணல் வெட்டு, மரம் சேதம்" என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு பேராக்கில் எந்தத் தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைக்கும்?

அவள் நிரை திரும்பக் கிடைக்கும்வரை நான் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன்.

நவமணி


கோப்பெங்
15 மார்ச் 1927

நவமணிக்கு, கார்த்திகேசு எழுதுவது.

உன் கடிதம் முதலில் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி கைக்குப் போய் அங்கிருந்துதான் என் கைக்கு வந்தது. கங்காணியின் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாதிரி அம்மா பள்ளிக்கூடத்துக்கு உன்னை அனுப்பிப் படிக்க வைத்த உன் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். செல்லாயியைப் படிக்க வைக்காமல் விட்டாரே, அந்த மட்டும் நல்லது. இல்லையென்றால் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவீர்கள்.

தார் சூடாக இருந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நான்தான் பூசினேன், எனக்குத் தெரியாதா?

நான் வெட்டைப் பரிசோதிக்கும் முறை உனக்குத் தெரியாதது இல்லை. மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணைக் கோட்டின் கீழ்முனைக்கு நேராக வைத்து மேலே பார்ப்பேன். தச்சன் பலகையைப் பார்ப்பதும் இப்படித்தான். இந்தப் பார்வைக்காகத்தான் துரை என்னைக் கங்காணியாக்கினார். அன்றைக்கு செல்லாயியின் நிரைக்கு முதலில் போனதற்குக் காரணம் உண்டு. கொழுந்தியாளுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருவனும் பேசக்கூடாது. போய்ப் பார்த்தால் கோடு நடுவில் வயிறு வைத்துத் தொங்குகிறது. அடுத்த மரத்திலும் அப்படியே. நிரை முழுக்க அப்படியே.

கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, கோணல் உங்க கண்ணுலதான் இருக்கு. தொடச்சிட்டுப் பாருங்க" என்றாள். பக்கத்து நிரையில் இராமசாமி நிற்கிறான், நல்லம்மாள் நிற்கிறாள். அவர்கள் முன்னால் சொன்னாள். வெட்டு கோணலானதற்கு அரைக்கூலியோடு விட்டிருப்பேன். தார் பூசியது அந்த வாய்க்கு. வாயில் பூசமுடியாது என்பதால் கையில் பூசினேன்.

இன்னொன்றும் கேள். அவள் மட்டும் இல்லை, அந்த வட்டத்து ஆட்கள் எல்லோருமே கெட்டுப்போயிருக்கிறார்கள். அவள் போன பிறகு இராமசாமியின் மரங்களைப் பார்த்தேன், தொங்குகிறது. நல்லம்மாளுடையது அதைவிட மோசம். எல்லோருக்கும் அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான், போட்டேன். ஆள் பேர் பதிகிறதற்குப் புதிதாக வந்திருக்கிற செக்ரோல் புத்தகத்தில் கட்டம்கூட நேராக அடிக்கவில்லை. பால் பிடிக்கிற மங்கு போன வருஷத்தைவிடச் சின்னதாக வந்திருக்கிறது. காலம் அப்படி. எவனுக்கும் வேலையில் பயம் இல்லை.

செல்லாயிக்கு நிரை கிடையாது. நீ ஆடிக்குள் வந்து சேர். இல்லையென்றால் ஊருக்கு எழுதிப் பெண் பார்க்கச் சொல்வேன்.

கார்த்திகேசு


லகாட்
24 மார்ச் 1927

கங்காணி அவர்களுக்கு,

பெண் பார்க்கச் சொல்லுங்கள். வருகிறவளுக்குத் தங்கச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை செல்லாயிக்குப் படித்துக் காட்டினேன். தார் வெதுவெதுப்பாக இருந்தது என்ற இடத்தில் அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். செக்ரோல் கட்டம் கோணல், மங்கு சின்னது என்று நான் படித்தபோது, "அக்கா, திரும்பப் படி" என்றாள். படித்தேன். "நான் சும்மா வாய்க்கு வந்ததத்தான் சொன்னேன். நெசமாவே கண்ணுல ஏதோ இருக்கு போல" என்றாள்.

எனக்கும் அப்படியே தோன்றியது. காரணம் சொல்கிறேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஈப்போவில் ஒரு வெள்ளைக்காரக் கண் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தமிழ் ஆட்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்லவும், கண்ணில் கட்டுகிற துணியை வெந்நீரில் போட்டு அலசவும் ஆள் வேண்டுமாம். நீங்கள் பழிக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான் சோறு போடுகிறது. போன வாரம் அங்கே ஒரு தையல்காரர் வந்தார். விற்ற ஊசியெல்லாம் வளைந்திருக்கிறது என்று கடைக்காரரோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு வந்தவர். ஊசி நேராகத்தான் இருந்தது.

மரம் கோணல், புத்தகம் கோணல், மங்கு சின்னது, நீங்கள் ஒருவர் மட்டும் நேர் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஒன்று செய்யுங்கள். நம் வீட்டு வாசல் நிலையை நீங்களே தூக்குநூல் பிடித்து நிறுத்தினீர்கள். அதன் எதிரே நின்று முதலில் வலது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதவேண்டும் என்றுகூட இல்லை, செல்லாயியின் சீட்டை மாற்றி எழுதி அனுப்பினால் போதும்.

நவமணி


கோப்பெங்
12 ஏப்ரல் 1927

நவமணி,

உன் கடிதம் வந்த அன்றே அதைக் கிழித்துப்போட்டேன். நிலையைப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பத்து நாள்கூட முடியவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியே போகும்போதும் அதன் வழியாகத்தானே போக வேண்டியிருக்கிறது.

இடது கண்ணுக்கு நிலை நேராக இருக்கிறது. வலது கண்ணுக்கு நடுவில் வீங்கி வளைந்திருக்கிறது. சுவரில் இருக்கிற முருகன் படத்தைப் பார்த்தேன். வேல் வளைந்திருக்கிறது. முகம் இருக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு கறை, சுற்றிலும் மயிலும் மாலையும் தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. கண்ணை நகர்த்தினால் கறையும் கூடவே நகர்கிறது. முருகனின் சிவப்பு வேட்டி இடது கண்ணுக்குச் சிவப்பாகவும் வலது கண்ணுக்குப் பழைய செங்கல் மாதிரியும் தெரிகிறது. மங்கைப் பிடித்துப் பார்த்தால் இந்தக் கண்ணுக்கு ஓர் அளவு, அந்தக் கண்ணுக்கு ஓர் அளவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

வலி கிடையாது. சிவக்கவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. தோட்டத்து டிரஸ்ஸர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூ விழுந்திருக்கு கங்காணி" என்று ஏதோ சொட்டு மருந்து விட்டான். கண் நெருப்பாக எரிந்ததுதான் மிச்சம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? துரை காதுக்குப் போனால் மறுநாளே கங்காணிப் பிரம்பைப் பிடுங்கி இராமசாமி கையில் கொடுத்துவிடுவார். கோயில் திருவிழாவுக்கு என்று சொல்லி லீவு வாங்குகிறேன். உன் டாக்டரிடம் என்னைக் காட்டு. பெயரை மாற்றிச் சொல். செல்லாயி விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கார்த்திகேசு


லகாட்
9 மே 1927

கங்காணி அவர்களுக்கு,

நீங்கள் வந்து போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திங்கட்கிழமை துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்று மோட்டார் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. நல்லம்மாளின் மருமகள் நேற்று லகாட் வந்தாள், அவளிடம் விசாரித்தேன். செல்லாயியின் நிரையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டீர்களாம். அந்தப் புதியவளின் வெட்டை இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கிறீர்களாம். அதாவது, தெரிந்துகொண்டீர்கள். தெரிந்துகொண்டதை உங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டீர்கள்.

அன்றைக்கு இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தீர்களே, அப்போது உங்கள்மேல் இரக்கப்பட்டது உண்மை. டாக்டர் நெற்றியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்குள் விட்டார். உங்கள் கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கண்ணின் பின்பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது, நாம் பார்ப்பதெல்லாம் அதன்மேல்தான் விழுகிறது. அதற்கு அடியில் நீர் கசிந்து, கொப்புளம் போல அதை மேலே தூக்கிவிட்டிருக்கிறது. அதுவும் சரியாக நடுவில், கூர்ந்து பார்க்கிற இடத்தில். தோல் மேடாகிவிட்டதால் நேர்க்கோடும் அதில் வளைந்து விழுகிறது.

இனி அது என்னவாகும் என்று நீங்கள் கேட்டதற்கு, புத்தகத்தைப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்றார். நினைவிருக்கிறதா? நீங்கள் சாயங்கால மோட்டாரில் போய்விட்டீர்கள். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கண் என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும், நீங்கள் என்ன செய்ய வேண்டும், எல்லாம்.

நீங்கள் சொன்னபடி திங்கட்கிழமை பேசியிருந்தால் செவ்வாய்க்கிழமை நான் எழுதியிருப்பேன். இப்போது எழுத மாட்டேன். செல்லாயியைப் பெரட்டில் நிறுத்தித்தானே அவமானப்படுத்தினீர்கள். அதே பெரட்டில், துரை கேட்க, அவளும் எதிரில் நிற்க, கோணல் அவள் வெட்டில் இல்லை, என் கண்ணில் என்று சொல்லுங்கள். அவள் எப்போது வரவேண்டும் என்று தெரிவித்தால் அண்ணன் கூட்டிக்கொண்டு வருவார். நீங்கள் சொன்ன அன்றைக்கே நான் எழுதுவேன்.

அதுவரை உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அது எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் அனுபவித்துப் பாருங்கள்.

நவமணி


கோப்பெங்
19 மே 1927

நீ பெண்தானா?

புருஷன் கண்ணைப் பிணையாக வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாய். கட்டிய தாலியைத் தினமும் தடவிப் பார்த்துக்கொள்கிறாயா, இல்லை அதையும் கழற்றி அண்ணிக்குக் கொடுத்துவிட்டாயா?

உன் தயவு இல்லாமலே தெரிந்துகொள்ளலாம் என்று நேற்று ஈப்போவுக்கு வந்தேன். நீ அலசல் வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த வாசலில் போய் நின்றேன். டாக்டர் அறை பூட்டியிருந்தது. மருந்து கலக்குகிற சீனன் கையை அலை மாதிரி ஆட்டிக் காட்டினான். "பினாங்கு, கப்பல்" என்றான். அதற்குமேல் அவனுக்கும் எனக்கும் பேச்சு ஓடவில்லை. டாக்டர் சீமைக்கு லீவில் போய்விட்டாராமே. இதையும் தெரிந்துகொண்டுதான் எழுதினாயா?

நவமணி, கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். கிழித்துப்போட மனம் வரவில்லை, ஆனால் இதையும் படி. கறை மாறிக்கொண்டு வருகிறது. முன்பு பழுப்பாக இருந்தது, இப்போது வெளுத்து, மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கரைந்து கண் முழுக்கப் பரவுகிறதா? இடது கண்ணுக்கும் போகுமா? தூக்கமே வரவில்லை. காலையில் கண்ணைத் திறக்கும்போது கூரை தெரியுமா தெரியாதா என்று பயந்துகொண்டே திறக்கிறேன்.

செல்லாயிக்கு நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை. நம் வீட்டிலேயே வந்து இருக்கட்டும். சமைத்துப் போடட்டும், மூன்று வேளை சோறு போடுகிறேன், வருஷத்துக்கு இரண்டு சேலை எடுத்துத் தருகிறேன். பெரட்டு மட்டும் வேண்டாம். இத்தனை வருஷம் அந்த ஆட்கள் முன்னால் நிமிர்ந்து நின்றவன் நான்.

ஒரே ஒரு வரி எழுது. குருடாகுமா, ஆகாதா?

கார்த்திகேசு


லகாட்
1 ஜூன் 1927

கங்காணி அவர்களுக்கு,

கறை வெளுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கவனமாகப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

உங்கள் வீட்டுச் சமையல் வேலையைப் பற்றி செல்லாயியிடம் சொன்னேன். அவள் பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது அவள் எங்கே வேலை செய்கிறாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் சீட்டோடு இரண்டு தோட்டங்களுக்குப் போனாள். ஓரிடத்தில் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் கங்காணி அதை ஆட்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இப்போது குனோங் ராபாட் மலையடியில் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போகிறாள், இடது கையால். வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கவில்லை. இடது கைக்குச் சுத்தியல் பழகவில்லை, அடி தன் கால்மேலேயே விழுகிறது. சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளையாக வருகிறாள், அண்ணி கிணற்றடியிலேயே நிறுத்திவிடுகிறாள்.

உங்களுக்குத் தூக்கம் வராதது எனக்கு வருத்தம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது சத்தியம். டாக்டர் சொன்னதில் காலம்தான் முக்கியம். இந்த மாதம் போய்விட்டால் பிறகு நீங்கள் பேசுவதாலும் நான் எழுதுவதாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தாமதிக்காதீர்கள்.

நவமணி


கோப்பெங்
14 ஜூன் 1927

நவமணிக்கு,

சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை பெரட்டில் சொல்லிவிட்டேன். நான் சொல்லி அனுப்பியபடி செல்லாயியைக் கூட்டிக்கொண்டு வந்த உன் அண்ணன் பார்த்துக்கொண்டுதான் நின்றார், அவர் உனக்குச் சொல்லியிருப்பார். ஆனாலும் என் வாயாலும் நீ கேட்டுக்கொள்.

துரை குதிரையில் வந்து இறங்கியதும் முன்னால் போய் நின்றேன். கிராணி என் பேச்சை இங்கிலீஷில் சொன்னார். மூன்று மாதமாக என் வலது கண் கெட்டிருக்கிறது, நேர்க்கோடு எனக்குக் கோணலாகத் தெரிகிறது, செல்லாயியின் வெட்டு நேராகத்தான் இருந்தது, அவளுக்குத் தார் பூசியது தப்பு என்று சொன்னேன். தார் பூசிய விஷயம் துரைக்கு அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "மூணு மாசமா கண்ணு தெரியாத ஒருத்தன் என் மரத்தை எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தானா?" கிராணி அதைத் தமிழில் சொன்னபோது சனங்கள் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்காகச் சிரித்தவர்கள்தான்.

நம்பாமல் சோதித்துப் பார்த்தார். ரப்பர் உலர்த்துகிற புகைவீட்டுச் சுவரில் நூல் பிடித்துக் கரியால் ஒரு கோடு போடச் சொல்லி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். இதை நீ கவனித்துப் படிக்க வேண்டும். அந்தக் கோடு எனக்கு முன்பு போல வயிறு வைத்துத் தெரியவில்லை. கொஞ்சமாக, ஓரிடத்தில் மட்டும், நடுங்கினாற்போல இருந்தது. நேர் என்றே சொல்லலாம். ஆனால் நேர் என்று சொன்னால் நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதனால் ரொம்பக் கோணல் என்று சொன்னேன். கையால் வளைத்துக் காட்டினேன்.

துரை அந்த இடத்திலேயே பிரம்பை வாங்கி இராமசாமி கையில் கொடுத்துவிட்டார். வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். என்னைக் களை பிடுங்குகிற ஆட்களோடு போடச் சொல்லிவிட்டார். நேற்று மத்தியானமே ஆறுமாதப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வருகிற பெண்களோடு குனிந்து நின்றேன். இராமசாமி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

செல்லாயி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நிரையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் துரை. நல்ல வெட்டுக்காரி என்றால் இப்போதே வெட்டிக் காட்டட்டும் என்றார். எல்லோரும் அவள் நிரைக்குப் போனோம். கத்தியை வாங்கிக்கொண்டு மரத்துக்கு முன்னால் நின்றாள். அந்த இரண்டு விரலும் பிடிக்குள் வரவில்லை. மூன்று விரலால் பிடித்து இழுத்தாள். கத்தி துள்ளியது, பட்டையைத் தாண்டிக் கட்டைவரை இறங்கிவிட்டது. இரண்டாவது மரத்திலும் அப்படியே. நான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் பார்த்தேன், நவமணி. கோடு கோணலாகத்தான் இருந்தது.

துரை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் களைக்கே போங்கள் என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறிவிட்டார். அவள் கத்தியைத் துடைத்து இராமசாமியிடம் கொடுத்தாள். உன் அண்ணனோடு லகாட்டுக்கே போய்விட்டாள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். என்னிடம் இப்போது வேலை இல்லை, வீடு இல்லை, மரியாதை இல்லை. கண்ணாவது மிஞ்சுமா என்று சொல். அந்தக் கரிக்கோடு எனக்கு ஏன் நேராகத் தெரிந்தது? கண் செத்துப்போவதற்கு முன்னால் அப்படித் தெரியுமா? டாக்டர் என்ன செய்யச் சொன்னார்? எதுவானாலும் செய்கிறேன்.

கார்த்திகேசு


லகாட்
14 ஜூன் 1927

கார்த்திகேசு அவர்களுக்கு,

அண்ணன் வந்து எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் கடிதம் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. சொன்ன அன்றைக்கே எழுதுகிறேன் என்றேன், இரவு விளக்கு அணைந்துவிட்டதால் ஒரு நாள் தள்ளிப்போனது.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் கண் குருடாகாது. மூன்று நான்கு மாதத்தில் அந்த நீர் தானாக வற்றிவிடும், தோல் பழையபடி படிந்துவிடும். முதலில் கறை வெளுக்கும், பிறகு கோடுகள் நிமிரும். நிறம் மட்டும் கொஞ்ச காலம் மங்கலாகத் தெரியலாம். இந்த நோய்க்கு மருந்து எதுவும் இல்லை, தேவையும் இல்லை. புகையிலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், கோபப்படக் கூடாது. சிலருக்குச் சில வருஷம் கழித்துத் திரும்ப வருவதுண்டாம். அடிக்கடி வந்தால்தான் பார்வை குறையும். என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இருக்கச் சொல்" என்றார்.

நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வாரத்தில் முழுக்கத் தெளிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. பிரம்பு உங்கள் கையிலேயே இருந்திருக்கும். கண் சரியாகிவிட்டால் நீங்கள் ஒருநாளும் வாய் திறக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அவசரப்படுத்தினேன். கறை வெளுக்கிறது என்று நீங்கள் பயந்து எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்கும் பயம் வந்தது. எனக்கு முன்னால் உங்கள் கண் முந்திக்கொள்ளுமோ என்கிற பயம் அது.

இதில் எனக்குச் சந்தோஷம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நீங்கள் குனிந்து களை பிடுங்கினீர்கள் என்று அண்ணன் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆனால் செல்லாயிக்கு நான் வாங்கிக் கொடுத்தது என்ன? அவள் நிரை அவளுக்குக் கிடைத்தது, இரண்டு மரம் வெட்டும் நேரத்துக்கு. கோணலாக வெட்டுகிறவள் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டை இனி மாற்றவேண்டிய தேவையே இல்லை.

நேற்று அவளிடமும் இதையெல்லாம் சொன்னேன். டாக்டர் என்னிடம் சொன்னதை உங்களிடம் மறைத்து வைத்திருந்தேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "மாமாவுக்குக் கண்ணு நல்லாயிடுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள். இன்று காலை இருட்டோடு எழுந்து கல் உடைக்கப் போய்விட்டாள்.

நான் உங்களிடம் திரும்பி வரப்போவதில்லை. ஊரிலிருந்து பெண் வருவது இனி உங்கள் பாடு.

டாக்டர் சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் செல்லாயியையும் அவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண் டாக்டர்தான், இருந்தாலும் மனுஷர், அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். இதுவும் மூன்று நான்கு மாதத்தில் சரியாகிவிடுமா என்று கேட்டேன். இல்லை, இது தானாகச் சரியாகாது என்றார்.

நவமணி